கேமிங் பிசியா, கன்சோலா? சித்தியின் சீட்டுப் பணம் 60,000 ரூபாய்

இன்னைக்கு எபிசோடு ஒரு போன் காலில் இருந்து ஆரம்பிக்குது. போன வருஷம் ஜூன் மாசம், சிவகிரியில் இருந்து சித்தி பையன் கூப்பிட்டான். இன்ஜினியரிங் சேரப் போறான். "அண்ணே, அம்மாவுக்குச் சீட்டுப் பணம் அறுபதாயிரம் வந்திருக்கு. கேமிங் பிசி போடட்டுமா, பிஎஸ்5 வாங்கட்டுமா?"

உங்கள்ல நிறைய பேர் மெயில்ல கேட்கிறதும் இதே கேள்விதான். அதனால அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன்.

முதல்ல ஒரு உண்மை. சென்னையில என் ரூம்ல இருக்கிறது பிளேஸ்டேஷன் 5. நாள் முழுக்க ஆபீஸ்ல கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு அழுறவனுக்கு, ராத்திரி டிரைவர் அப்டேட் பார்க்கப் பொறுமை கிடையாது. பட்டனை அழுத்தினா கேம் வரணும், அவ்வளவுதான்.

விலைக் கணக்குலயும் கன்சோல் லேசுப்பட்டது இல்ல. பிஎஸ்5 ஸ்லிம் 2024 ஏப்ரல்ல இந்தியாவுக்கு வந்தப்போ டிஸ்க் மாடல் 54,990 ரூபாய், டிஜிட்டல் 44,990. எட்டு கோர் பிராசஸர், 16 ஜிபி மெமரி, நல்ல கிராபிக்ஸ், எல்லாம் ஒரே பெட்டியில. அந்த விலைக்கு அதே திறமையில பிசி போடுறது கஷ்டம். கன்சோல் கம்பெனிகள் பெட்டியில லாபத்தைக் குறைச்சுக்கிட்டு, கேம் விற்பனையிலயும் சந்தாவுலயும் அதை எடுக்கிறாங்க. அந்த மிச்சத்தை அப்புறம் நாமதான் கட்டுறோம். புது கேம் ஒண்ணு ஐயாயிரம் ரூபாய் பக்கம். காசு கொடுத்து வாங்கின பெரும்பாலான கேமை ஆன்லைன்ல நண்பர்களோட ஆடணும்னா பிஎஸ் பிளஸ் சந்தா தனி. டிஸ்க் மாடல்னா முடிச்ச கேமை வித்துடலாம், டிஜிட்டல்ல அதுவும் முடியாது.

இதெல்லாம் சொல்லிட்டு அவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "லேப்டாப் இருக்கா உன்கிட்ட?"

"இல்லண்ணே. காலேஜ் லேப்ல பாத்துக்கிடலாம்."

"அப்போ பிசிதாம்ல."

கோபம் வந்துடுச்சு அவனுக்கு. "நீங்க மட்டும் பிஎஸ் வச்சிருக்கீங்க, எனக்குப் பிசியா?"

நியாயமான கேள்விதான். அதுக்கு என் கதையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குப் பிளஸ் டூவுல அரசாங்க லேப்டாப் கிடைச்சுது. வீட்டுல "படிக்கத்தான்"னு சொல்லிட்டு ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் ஏத்தினேன். திக்கித் திக்கி ஓடும். ஒருநாள் அதோட டேட்டா ஃபோல்டர்ல 'ஹேண்ட்லிங்'னு ஒரு ஃபைலை நோட்பேட்ல திறந்தேன். வரிசையா காரோட பேரு, எடை, வேகம். ஒரு எண்ணை மாத்தி சேவ் பண்ணினா கார் வேற மாதிரி ஓடுச்சு. இன்னொண்ணை மாத்தினா கேமே திறக்கல. எங்க தப்புன்னு தேடி ரெண்டு நாள் தூங்கல. இப்போ மாசச் சம்பளத்துக்கு நான் பண்றதும் அதேதான். கன்சோல்ல அந்த ஃபைலைத் திறக்க வழியே கிடையாது.

சரி, பணம்? கன்சோலைத் தவணை முறையில பெருசாக்க முடியாது. பிசியை முடியும். கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே ஆரம்பிக்கச் சொன்னேன். ரைசன் 5 5600ஜி பிராசஸர், அதுக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கு. ரேம் 16 ஜிபி, ஆனா ரெண்டு 8 ஜிபியா. உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் ரேமைத்தான் பங்கு போட்டுக்கும், ரெண்டு துண்டா இருந்தா வேகம் கூடும். பவர் சப்ளையில மட்டும் கஞ்சத்தனம் கூடாது, நாளைக்குக் கார்டு போடும்போது அதுதான் தாங்கணும். அப்புறம் யுபிஎஸ். மலையடிவார ஊர், ஆடிக் காத்துல கரண்ட் எத்தனை தடவை போகும்னு எனக்குத் தெரியும். மானிட்டர் எல்லாம் சேர்த்து அன்னைய விலைக்கு 45,000 பக்கம் வந்துச்சு. வேலோரன்ட் நல்லாவே ஓடும். பெரிய கேம்களுக்குக் காத்திருக்கணும். மீதி 15,000 சித்தி கையிலேயே இருக்கட்டும், கார்டுக்கு.

இன்னொண்ணும் சொன்னேன். "என்ன மாதிரி படிக்கத்தான்னு பொய் சொல்லாத. விளையாடவும்தான்னு சொல்லு." சொல்லியிருக்கான். சித்தி கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "ரெண்டும் ஒரே பெட்டியிலயா? அப்போ சரி."

ஆக, கையில வேலைக்கோ படிப்புக்கோ ஒரு கம்ப்யூட்டர் இருந்து, விளையாட மட்டும் வேணும்னா தயங்காம கன்சோல் வாங்குங்க. வீட்டுல முதல் கம்ப்யூட்டரே அதுதான்னா, பிசி. விலை மாறிக்கிட்டே இருக்கும், வாங்குற அன்னைக்கு ஒரு தடவை பார்த்துக்கோங்க.

தம்பி போன வாரம் கூப்பிட்டான். கார்டு இன்னும் வாங்கல. "அண்ணே, அந்த ஹேண்ட்லிங் ஃபைல்ல ஏதோ மாத்திட்டேன், கேம் திறக்க மாட்டேங்குது"ன்னான். எந்த வரின்னு எனக்குத் தெரியும். சொல்லல.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.