உருக்குலையாமல் ஒட்டுதல்



இதய நாளம் அடைபட்டால், உலோகக் கம்பிவலையாலான சிறு குழலொன்றை உள்ளே செலுத்தி விரித்து வழி திறக்கிறார்கள். ஸ்டெண்ட் என்பது அதன் பெயர். மனித இதய நாளத்தில் அது முதன்முதல் பொருத்தப்பெற்றது 1986-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டுத் துலூஸ் நகரில்.

உலோகம் வலிமையுடையதே, ஆயினும் குருதி அதனை அயற்பொருளாகவே கருதுகிறது. அதன்மேல் பட்டவுடன் புரதங்கள் படிகின்றன. பின்னர்க் குருதி உறையத் தலைப்படுகிறது. அதனால் உறைவைத் தடுக்கும் மருந்துகளை நோயாளி மாதக்கணக்கில் உட்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாளச் சுவருக்கு நெகிழ்ச்சி தரும் எலாஸ்டின் என்னும் புரதத்தின் மூலப்பொருளையே உலோகத்தின்மீது போர்த்திவிட்டால் என்ன? எண்ணம் எளிது, செய்கை அரிது. புரதம் ஒரு நீண்ட சங்கிலி. அது மடிந்து பெறும் உருவத்தில்தான் அதன் தொழிலே அடங்கியிருக்கிறது. பல் வளைந்த சாவி பூட்டைத் திறக்குமா? நீர் ஒட்டாத பரப்பில் பட்ட புரதம், தன் உட்புறத்தை வெளியே விரித்துக் கிடந்துவிடும். ஒட்டியது உண்மை, ஆனால் தொழில் போயிற்று!

சிட்னிப் பல்கலைக்கழகத்தில் மார்செலா பிலெக், டேவிட் மெக்கென்சி முதலானோர் இதற்குப் பிளாஸ்மாவைத் துணைக்கொண்டனர். 2011-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையொன்று இம்முறையை விளக்குகிறது. பிளாஸ்மா என்றதும் குருதியின் நீர்ப்பகுதி நினைவுக்கு வரும், இது அதுவன்று. மின்சாரத்தால் அயனிகளும் எலெக்ட்ரான்களுமாகச் சிதறிய வாயுவுக்கு இர்விங் லாங்மியூர் 1928-இல் இட்ட பெயர் இது. குழல்விளக்கினுள் இருப்பதும் இத்தகையதே. ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்து மாணாக்கரைக் குழப்பியிருக்க வேண்டாம்!

காற்று நீக்கிய கலத்தில், கரியணுக்கள் நிறைந்த மெல்லிய படலமொன்று உலோகத்தின்மேல் படிகிறது. மின்னழுத்தத்தால் விரைவூட்டப்பெற்ற அயனிகள் அதனைத் தாக்குகின்றன. பிணைப்புகள் அறுந்து, இணையிழந்த எலெக்ட்ரான்கள் படலத்தினுள் தங்கிவிடுகின்றன. அவை சிறிது சிறிதாக மேற்பரப்பை அடைந்து, அங்கு வரும் புரதத்தை வேதிப் பிணைப்பால் பற்றிக்கொள்கின்றன. தனியாகப் பசைப்பொருள் எதுவும் வேண்டுவதில்லை. பரப்பும் நீரை விரும்புவதாக மாறிவிடுவதால் புரதம் தன் உருவத்தை இழப்பதில்லை. ஸ்டெண்ட் விரியும்போது படலம் உரிந்துவிடாதவாறு, உலோகத்தோடு அது இறுகப் பற்றியிருக்கவும் வேண்டும். நாளத்துக்குள் படலம் உரிந்தால் அதுவே ஆபத்தாகிவிடும் அன்றோ?

இணைப்பு உறுதியா என்பதைக் சூடான சோப்புக் கரைசல் போன்றதொன்றில் இட்டுச் சோதித்தார்கள். வெறுமனே படிந்த புரதம் கழன்றுபோம், பிணைந்தது நிற்கும். தொழில் எஞ்சியிருக்கிறதா என்பதற்கு வேறொரு சோதனை. முள்ளங்கிபோல் காரமுள்ள ஒரு வேரிலிருந்து எடுத்த நொதியைப் பரப்பில் இணைத்து, அதற்குரிய கரைசலில் இடுவார்கள். நொதி உயிர்ப்போடிருந்தால், நிறமற்ற கரைசல் நிறம் பெறும்.