ஒழுக்கத்துக்கு அளவுகோல் எது?

(நெல்லித்தோப்புக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



நல்ல வாழ்க்கை என்றால் என்ன என்பதைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனல்ல. கிடைத்த புத்தகத்தைப் படித்து, தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டவன். ஆதலால் நான் சொல்லுவதை உங்கள் அறிவைக்கொண்டு சோதித்துப் பார்த்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊருக்கு நெல்லித்தோப்பு என்று பெயர். பெரியோர் சொல் நெல்லிக்கனியைப் போல முதலில் துவர்க்கும், பிறகு இனிக்கும் என்று நம்மவர்கள் சொல்லுவது வழக்கம். நெல்லிக்கனி விஷயத்தில் அது உண்மைதான். ஏனெனில் நாம் அதை மென்று பார்க்கிறோம். பிறகு தண்ணீர் குடித்தால் இனிக்கிறது. ஆனால் பெரியோர் சொல்லை மாத்திரம் மெல்லாமலே விழுங்கு, இந்த ஜன்மத்தில் இனிக்காவிட்டால் அடுத்த ஜன்மத்தில் இனிக்கும் என்கிறார்களே, அதுதான் எனக்கு விளங்கவில்லை. மென்று பார்ப்பதற்குத்தான் பகுத்தறிவு என்று பெயர்.

எது நல்லது, எது கெட்டது என்று மென்று பார்த்தவர்கள் உலகத்தில் பலர் உண்டு. மூன்று பேரை மாத்திரம் சொல்லுகிறேன்.

சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் எபிகூரஸ் என்று ஒருவர் இருந்தார். அவர் பாடம் சொன்ன இடமும் உங்கள் ஊர்ப் பெயரைப் போல ஒரு தோட்டந்தான். உடம்பில் நோவும் மனதில் பயமும் இல்லாமல், சிநேகிதர்களோடு கூடி எளிமையாய் வாழ்வதே இன்பம் என்றார். செத்த பிறகு என்ன ஆகுமோ என்று நடுங்க வேண்டியதில்லை என்றார். அந்தத் தோட்டத்தில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடம் இருந்தது.

இரண்டாமவர் இங்கிலாந்து தேசத்துப் பெந்தாம். 1789இல் வெளியான அவருடைய நூல், ஒரு காரியத்தால் எத்தனை பேருக்கு எவ்வளவு இன்பம், எவ்வளவு துன்பம் என்று கணக்குப் பார் என்கிறது. அந்தக் கணக்கில் பிரபுவின் தலையும் கூலிக்காரன் தலையும் ஒன்றே.

மூன்றாமவர் ஜெர்மன் தேசத்துக் கான்ட். எல்லோருக்கும் விதியாக வைக்க நீ சம்மதிப்பாயோ அப்படி நட, எந்த மனிதனையும் வெறும் கருவியாக நடத்தாதே என்று 1785இல் எழுதினார்.

இவர்களுக்குள் சண்டை உண்டு. பெந்தாம் பலனைப் பார் என்பார். கான்ட் பலனைப் பாராதே, கடமையைப் பார் என்பார். சண்டை இருக்கட்டும். நான் இவர்களிடம் எடுத்துக்கொள்ளுவது ஒன்றுதான்: ஒரு விதியைப் போடுகிறவன், அந்த விதியின் கீழ்த் தானே வாழச் சம்மதிப்பானா? சம்மதியான் என்றால் அது ஒழுக்கமல்ல, அதிகாரம்.

இந்த அளவுகோலை இந்தப் புதுச்சேரியிலேயே வைத்துப் பார்ப்போம்.

1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் பூட்சு போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். தமிழன் பூட்சோடு நின்று வாதாடக் கூடாது என்று தடுத்தார்கள். பூட்சு அழுக்கென்றால் வெள்ளைக்கார வக்கீலின் பூட்சும் அழுக்குத்தானே? அது மரியாதைக் குறைவென்றால் அவருக்கும் குறைவுதானே? அவர் பாரிசிலுள்ள உயர்ந்த கோர்ட் வரையில் வழக்காடி ஜெயித்தார். பிறகு 1881ஆம் ஆண்டு ஆணைப்படி ஜாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்று, 'வாசல்' என்று பொருள்படும் லாபோர்த் என்ற பெயரை வைத்துக்கொண்டார். ஒரு ஜதை பூட்சுக்கா இவ்வளவு என்பீர்கள். பூட்சுக்கல்ல தோழர்களே, மானத்துக்கு!

மானம் வக்கீலுக்கு மாத்திரம் உரியதா? சவானா மில் தொழிலாளர்களைப் பாருங்கள். எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை முதலியவை கேட்டுப் போராடினார்கள். 1936 ஜூலை 30ஆம் தேதி நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 12 தொழிலாளர்கள் மாண்டார்கள். அடுத்த ஆண்டு, 1937இல், எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. பொழுது விடியுமுன் போய் இருட்டிய பின் திரும்புகிறவனுக்குச் சிநேகிதன் ஏது? புத்தகம் ஏது? பிள்ளையின் முகம் ஏது? அவன் தறியின் ஓர் உறுப்பாகிவிடுகிறான். ஆகவே எட்டு மணி நேரம் என்பது கூலி விவகாரம் மாத்திரமல்ல. அது ஒழுக்க விவகாரம்.

நிற்க. நரக பயம் போய்விட்டால் மனிதன் திருட மாட்டானா என்று ஒரு கேள்வி கேட்பார்கள். போலீசுக்குப் பயந்து திருடாதவனை யோக்கியன் என்போமா? சமயம் வாய்க்காதவன் என்போம். எமனுக்குப் பயந்து திருடாதவனும் அவ்வளவே. அன்றியும், பாவத்தைப் போக்கப் பரிகாரமும் விற்கிறார்களே! அபராதத்தை முன்கூட்டியே கட்டிவிட்டவனுக்குப் பயம் ஏது? என் பொருள் திருட்டுப் போனால் எனக்கு எப்படி வயிறு எரியுமோ அப்படித்தான் அவனுக்கும் எரியும் என்று அறிகிறவனே திருடாமல் இருப்பான். அதற்கு எமன் வேண்டாம், அறிவு போதும்.

கடைசியாக ஒன்று. வெள்ளைக்காரனையும் முதலாளியையும் சொன்னபோது கை தட்டினீர்கள். இப்போது அளவுகோலை நம் வீட்டுக்குக் கொண்டுபோவோம்.

நான் பல ஊர்களில் சமத்துவம் பேசி நடுராத்திரியில் வீடு திரும்புவேன். என் மனைவி சாப்பிடாமல் காத்திருப்பாள். அது அவள் ஒழுக்கம் என்று நானும் பல வருஷம் பெருமைப்பட்டேன். ஒரு நாள் அவள் ஊருக்குப் போய் வர நேரமாயிற்று. நான் எனக்குப் போட்டுக்கொண்டு சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன். மறுநாள் காலையில், "நீங்கள் ஏன் எனக்காகக் காத்திருக்கவில்லை?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எத்தனையோ மேடைகளில் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்று முதல் யாருக்குப் பசிக்கிறதோ அவர் முதலில் சாப்பிடுவது எங்கள் வீட்டில் வழக்கம்.

ஆகவே தோழர்களே, நல்ல வாழ்க்கை என்பது மேலுலகத்திலிருந்து வரும் சன்மானமல்ல. நாம் பிறருக்குப் போடும் விதியின் கீழ் நாமும் வாழ்வது, பிறர் மானத்தை நம் மானமாக எண்ணுவது, பயமில்லாமல் யோசிப்பது. இதையும் நான் சொன்னேன் என்று நம்பாதீர்கள். இன்றிரவு வீட்டுக்குப் போனதும், அங்கே யார் இன்னும் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.