கோட்டையை உலகம் பார்க்கும். தெருவை யார் பார்ப்பது?



2025 ஜூலையில் நமது செஞ்சிக் கோட்டை, 12 மராட்டியக் கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. மகிழ்ச்சி! இனி வெளியூர்க் கூட்டம் பெருகும், பணிகளும் வரலாம். முதலில் எது? வாகன நிறுத்துமிடமா, கழிப்பறையா, நம் தெருச் சாக்கடையா?

கிராமத்திற்குக் கிராமசபை உண்டு. நகரமென்றால், 3 லட்சம் மக்கள் இருந்தால்தான் வார்டு குழுவைக் கட்டாயமாக்குகிறது, 1993இல் நடைமுறைக்கு வந்த 74வது அரசியல் சட்டத் திருத்தம். 2011 கணக்குப்படி நாம் சுமார் 27 ஆயிரம் பேர்தான்!

ஆகவே, அழைப்புக்குக் காத்திராதீர்கள். தெருவார் அனைவரையும், எல்லாச் சமுதாயத்தாரையும் கூட்டுங்கள். மூன்றே தேவைகளை வரிசைப்படுத்தி எழுதி, வார்டு உறுப்பினரிடம் கொடுத்து, பேரூராட்சி மன்றத்தில் தீர்மானமாக்கக் கேளுங்கள். கடைத் திண்ணையில் குறை பேசியது போதும். எழுந்து வாருங்கள்!