வன்தட்டும் உப்புக்காற்றும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நமது சங்கத்தின் பழைய மலர்களும் கூட்டக் குறிப்புகளும் விழாப் படங்களும் இப்பொழுது ஒரேயொரு வன்தட்டில் பதியப்பெற்று, அலுவலக அலுமாரியில் உறங்குகின்றன. கடதாசியைத்தான் கறையான் அரிக்கும், வன்தட்டுக்கு அந்தப் பயமில்லை என்று நம்மிற் பலர் நிம்மதியாக இருக்கின்றோம். அந்த நிம்மதியைச் சற்றுக் கலைக்கவே வந்தேன். போர்க்காலத்தில் ஊர்விட்டு ஊர் ஓடியபோது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்த குடும்பங்கள் இம்மாவட்டத்தில் எத்தனையோ. பதிவு அழிந்தால் வரும் அலைச்சலைப் பெரியோர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1956 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பொறியில் இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அலுமினியத்தின்மேல் இரும்பு ஒட்சைட்டுப் பூச்சு. கொள்ளளவு ஏறக்குறைய 5 மெகாபைற்று. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது மட்டுமட்டு! இப்பொழுதும் மேசைக் கணினித் தட்டின் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகமே. மடிக்கணினியின் சிறிய தட்டு பெரும்பாலும் கண்ணாடி. கீழே விழுந்தால் நொறுங்கவும் கூடும். அலுமினியத்தின்மேல் நிக்கலும் பொசுபரசும் சேர்ந்த முலாமிட்டு, முகம் பார்க்குமளவுக்கு மினுக்குகின்றனர். அதன்மேல் கோபாற்று, குரோமியம், பிளாற்றினம் கலந்த காந்தப் படலம். நம் எழுத்தெல்லாம் வாழ்வது இப்படலத்திலேதான். அதைக் காக்க மெல்லிய காபன் போர்வை. அதற்கும் மேல் வழுக்கும் திரவப் பூச்சு.

தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, வாசிக்கும் முனை அதன்மேல் சில நனோமீற்றர் உயரத்தில் மிதக்கின்றது. ஒரு தலைமயிரின் தடிப்பு அவ்விடைவெளியைப் போற் பல்லாயிரம் மடங்கு. ஓடும்போது தட்டுப்பட்டாலோ தூசி புகுந்தாலோ முனை படலத்தைக் கீறிவிடும். ‘டிக், டிக்’ என்ற ஓசை கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்ப இயக்கிப் பார்ப்பது புண்ணைக் கிளறுவதாகும்.

வெப்பமே வன்தட்டின் பெரும் பகை என்று பலரும் எண்ணுவர். மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் ஒன்பது தரவு நிலையங்களை ஆராய்ந்து 2016 இல் வெளிவந்த கட்டுரையோ, வெப்பத்திலும் ஈரப்பதனே கூடிய கேடு செய்கின்றது என்கின்றது. அதிலும் பெரிதும் கெடுவது தட்டன்று. அதை ஆளும் மின்சுற்றும் இணைப்புகளுமே. மன்னாரிலோ ஈரத்தோடு உப்பும் சேர்கின்றது. சோளகம் வீசும் மாதங்களில் சைக்கிள் றிம் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு மின்சுற்றின் செப்புத் தொடுகைகள் என்னாகும் என்று விளங்கும். இதில் ஓர் ஆறுதலும் உண்டு. ‘செத்த’ வன்தட்டு பலவற்றில் காந்தப் படலம் சேதமின்றியே இருக்கும். ஆகவே வீசிவிடாதீர்கள், வீட்டில் மூடியைத் திறக்கவும் வேண்டாம். தரவு மீட்கும் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மின்வெட்டையும் சொல்லவேண்டும். 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை இருளில் இருந்தோம். மின்சாரம் நின்றதும், தட்டின் மிஞ்சிய சுழற்சியைக் கொண்டே முனையைப் பத்திரமான இடத்துக்கு ஒதுக்கிக்கொள்ளும் ஏற்பாடு வன்தட்டில் உண்டு, அழகான ஏற்பாடு. மின்சாரம் திரும்பும்போது பாயும் மிகை அழுத்தத்துக்கோ அது பொறுக்காது.

முன்னறிவிப்பு வரும் என்றும் காத்திருக்க முடியாது. கூகிள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட கணக்கின்படி, பழுதானவற்றில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவை தம் உட்கணிப்பில் எவ்வித அடையாளமும் காட்டாமலே பழுதாயின.

ஆதலால் நிருவாக சபையாரிடம் ஒரு விண்ணப்பம். அலுமாரித் தட்டைக் காற்றுப்புகாப் பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வையுங்கள். இரண்டாம் பிரதியொன்றைத் தீவுக்கு வெளியே, வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள அங்கத்தவர் வீட்டில் வையுங்கள். பழைய மலர்களை, 2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்திற் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தாருக்கும் கொடுக்கலாம். இரண்டாவது தட்டை வேறொரு கொம்பனியினதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே தொகுதியிற் பிறந்த இரண்டு, ஒரே குறையோடு பிறந்திருத்தலும் கூடும்.