தரகரும் வங்கிக் கடனும்

வீட்டைக் காட்டிவிட்டுச் சும்மா கமிஷன் வாங்குகிறார் என்று தரகரைச் சொல்கிறோம். அது நியாயமில்லை. வில்லங்கச் சான்று எடுப்பது, பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருக்கிறதா என்று பார்ப்பது, வெளியூர்த் தங்கையின் கையெழுத்துக்காக அண்ணன் தம்பிகளிடம் மாதக்கணக்கில் பேசுவது, இதெல்லாம் நல்ல தரகர் செய்கிற வேலை. பேரம் முறிந்தால் பெரும்பாலும் அவருக்கு ஒரு பைசாவும் கிடையாது.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. "பேங்க்கே லோன் கொடுத்துவிட்டது, அப்புறம் என்ன வில்லங்கம்?" என்கிறார்கள். வங்கி வழக்கறிஞர் பார்ப்பது வங்கிப் பணத்தின் பாதுகாப்பை. நாளைக்கு வழக்கு வந்தால் கோர்ட்டு படி ஏறுவது நீங்கள்தான், தவணையும் நிற்காது. உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞரிடம் பத்திரங்களைக் காட்டுங்கள். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு பெற்ற திட்டங்களில் மனையோ வீடோ விற்றுத்தரும் தரகரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவருடைய பதிவு எண்ணைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.