48 நாளில் குணமாகுமா?



ஒரு மண்டலம் விரதமிருந்தால் வினை தீரும் என்று புரோகிதன் சொன்னான். இன்று 48 நாள் பொடி சாப்பிட்டால் நீரிழிவு வேரோடு போய்விடும் என்று பஸ்ஸின் முதுகிலும் டெலிவிஷனிலும் விளம்பரம் செய்கிறார்கள். இரண்டுக்கும் கணக்கு ஒன்றே. முன்னதை நம்பாத நம்மவர்களே பின்னதை நம்பிப் பணம் கட்டுகிறார்கள் என்பதால்தான் இதைப் பற்றிப் பேச முன்வந்தோம்.

நாம் உண்ணும் சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் சேருகிறது. அதை உடம்புக்குள் செலுத்தக் கணையம் என்னும் உறுப்பு இன்சுலினைச் சுரக்கிறது. அது சுரக்காவிட்டாலும், சுரந்தும் சரிவர வேலை செய்யாவிட்டாலும், சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடும். தங்கினால் உடனே வலிக்குமா? வலிக்காது. மோசமே அங்கேதான் இருக்கிறது. வலியில்லாமலே கண்ணையும், சிறுநீரகத்தையும், கால் நரம்பையும் வருஷக்கணக்கில் அரித்துவிடும். மருந்து, அளவான சாப்பாடு, நடை இவைகளால் அதை அடக்கி வைக்கலாம். சிலருக்கு எடை வெகுவாகக் குறைந்தபின் மருந்தின்றியே அளவு சரியாக நிற்பதுண்டு. ஆனால் அவர்களுக்கும் அது திரும்பக்கூடும், சோதனையை விடலாகாது.

“அடுத்த வீட்டுக்காரருக்குப் பொடியால் குணமாயிற்றே!” என்பீர்கள். அவர் பொடியோடு மாத்திரையையும் விழுங்கினாரா, சோற்றைக் குறைத்தாரா என்று விசாரித்தீர்களா? சில பொடிகளில் இங்கிலீஷ் மாத்திரையையே இரகசியமாகக் கலந்திருந்தது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. பொடியை நம்பி மாத்திரையை விட்டுக் காலை இழந்தவன் நற்சாட்சிக் கடிதம் எழுதுவானா? எழுதினாலும் அதைப் போடுவார்களா?

குழந்தைகளின் நீரிழிவோ இன்னும் கொடிது. 1922 ஜனவரியில் கனடா தேசத்து டொரண்டோ நகரில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன் இந்நோய் கண்ட பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சாவைச் சிறிது தள்ளிவைத்ததைத் தவிர வைத்தியர்களால் வேறு செய்ய முடியவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஊசியை நிறுத்தலாம் என்கிறவனை வியாபாரி என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

நிற்க, சட்டம் இல்லையா என்று கேட்கலாம். 1954-லேயே ஒரு சட்டம் செய்து, பின்னர் அதில் 54 நோய்களின் பட்டியலும் போட்டு, அவைகளைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது குற்றம் என்றார்கள். நீரிழிவும் அதில் அடக்கம். தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவைகளும் அச்சட்டத்திற்குத் தப்பவில்லை. முதல் குற்றத்திற்கு 6 மாதம் வரை சிறை என்றும் எழுதினார்கள். எழுதியும் பஸ்ஸின் முதுகு காலியாகவில்லை!

மாத்திரை தின்றால் சிறுநீரகம் கெடும் என்று பயப்படுகிறவர்கள் அநேகர். கெடுப்பது பெரும்பாலும் அடங்காத சர்க்கரை. பழி மட்டும் மாத்திரைக்கு! அம்மாத்திரை அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021-ல் துவங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே கொண்டுவந்து கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள். வீட்டில் பொடி டப்பா இருக்கிறவர்கள், அதற்குள் என்னென்ன சரக்கு எவ்வளவு இருக்கிறதென்று மேலே எழுதியிருக்கிறதா என இன்றிரவே பார்த்து, டப்பாவையும் கையிலெடுத்துக் கொண்டு நாளைக் காலை அங்கே போய் டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை மாத்திரையை நிறுத்த வேண்டாம்.