மாலைக்கண்ணும் கணையமும்: மறைக்காமல் கேளுங்கள்

(தட்டாஞ்சாவடியில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் எங்கள் மருத்துவ உதவிக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)





சில மாதங்களுக்கு முன் ஒரு தாயார் தம் மகனுடன் எங்களிடம் வந்தார். பையனுக்கு இருபத்திரண்டு வயது. "இஷா தொழுதுட்டு வரும்போது படியில தடுக்கி விழறான். கண்ணாடி வாங்க உதவி செய்யுங்க" என்றார். தினமும் கேரட் சாறு கொடுத்தும் பார்வை தெளியவில்லையாம்.

உட்கார வைத்துப் பேசினோம். சிறு வயதிலிருந்தே அவனுக்கு அடிக்கடி வயிற்றுவலி. பதினெட்டு வயதில் சர்க்கரை நோய். நாள்பட்ட கணைய அழற்சி என்று மருத்துவர்கள் சொல்லி, சாப்பாட்டுடன் விழுங்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அது பன்றியிலிருந்து எடுப்பது என்று யாரோ சொல்ல, எட்டு மாதமாக நிறுத்திவிட்டார்கள். மருத்துவரிடமும் சொல்லவில்லை. நோயை உறவினர்களிடமும் மறைத்திருக்கிறார்கள். "குடிக்கிறவனுக்கு வர்ற நோய்னு பேசுவாங்க. நாளைக்கு யார் பொண்ணு கொடுப்பா?" என்று அந்தத் தாயார் அழுதார்.

இந்த இரண்டு மௌனங்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் உறுப்பு. சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரப்பதும், உணவைச் செரிக்க வைக்கும் நொதிகளைச் சுரப்பதும் அதன் வேலைகள். குடிப்பழக்கம் கணையத்தைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் அது மட்டுமே காரணம் அல்ல. பித்தப்பைக் கல், இரத்தத்தில் அளவு மீறிய கொழுப்பு, பிறவியிலேயே வரும் மரபணு மாற்றம் ஆகியவையும் காரணமாகலாம். கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் 1960களில், குடியையே அறியாத ஏழைச் சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் கணையத்தில் கல் உண்டாகும் நோயை ஏராளமாகப் பதிவு செய்தார். முதலில் மரவள்ளிக்கிழங்கின் மேல் சந்தேகம் இருந்தது. பின்னர் இத்தகைய நோயாளிகள் பலரிடம் மரபணு மாற்றம் இருப்பது தெரியவந்தது. ஆகவே கணைய நோய் என்று கேட்டதும் ஒரு பிள்ளையின் ஒழுக்கத்தைச் சந்தேகிப்பது அநியாயம். ஒருவேளை அவன் குடித்திருந்தாலும், அவனுக்கும் மருத்துவம் வேண்டும்தானே?

பையனின் கண்ணுக்கும் கணையத்துக்கும் என்ன தொடர்பு? வைட்டமின் ஏ கொழுப்போடு சேர்ந்துதான் உடலில் ஏறும். கணைய நொதி குறைந்தால் கொழுப்பு செரிக்காது. மலம் வெளிறி, எண்ணெய் மிதந்து, கடும் நாற்றத்துடன் போகும். கொழுப்போடு வைட்டமின் ஏயும் வெளியேறிவிடும். வெளிச்சம் குறைந்த நேரத்தில் பார்ப்பதற்கு அந்த வைட்டமின் அவசியம். அது தீர்ந்துபோனால் மாலைக்கண் வரும். கேரட் சாறு ஏன் பலன் தரவில்லை என்பது இப்போது புரியும்.

வைட்டமின் ஏ கண்ணுக்கு மட்டும் உரியதல்ல. மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவருடன் பணியாற்றியவர்களும் திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறு குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்தது. 1990இல் வெளிவந்த இந்த முடிவு உலகமெங்கும் பேசப்பட்டது.

கணையத்துக்குள்ளேயே வைட்டமின் ஏயைச் சேமித்து வைக்கும் நட்சத்திர வடிவச் செல்கள் உண்டு. 1998இல் சிட்னியில் மினோத்தி ஆப்தே குழுவினரும் ஜெர்மனியில் மற்றொரு குழுவினரும் இவற்றைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார்கள். நலமான கணையத்தில் இவை அமைதியாக இருக்கும். அழற்சி தொடர்ந்தால் சேமிப்பை இழந்து, தழும்புத் திசுவை உண்டாக்கத் தொடங்கும். அந்தத் தழும்பே கணையத்தை இறுக்கிச் செயலிழக்க வைக்கிறது. ஆய்வுக்கூடத்தில் இந்தச் செல்களுக்கு வைட்டமின் ஏ கொடுத்தபோது அவை மீண்டும் அடங்கின என்று சிட்னி குழுவினர் 2006இல் எழுதினார்கள். முனைவர் பட்டம் முடித்த இளம் ஆய்வாளர்கள் பலர் இன்று இத்துறையில் உழைக்கிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் கடையில் வைட்டமின் ஏ வாங்கி விழுங்கிவிடாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் கண்டது இன்னும் கணைய அழற்சிக்கு மருந்தாகவில்லை. அளவு மீறினால் ஈரல் கெடும். கர்ப்பிணிகள் அதிக அளவில் எடுத்தால் கருவிலுள்ள குழந்தைக்கு ஊனம் நேரலாம். இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் அளவில்தான் எடுக்க வேண்டும்.

இனி அந்த மாத்திரை. கணைய நொதி மருந்து பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. அந்தத் தாயாரை நாங்கள் ஹஜ்ரத்திடம் அழைத்துச் சென்றோம். மாற்று மருந்து உண்டா என்று முதலில் மருத்துவரிடம் கேட்கச் சொன்னார். பூஞ்சையிலிருந்து எடுக்கும் நொதிகளும் உண்டு. ஆனால் இந்தப் பையனின் நிலைக்கு அவை போதாது என்றார் மருத்துவர். அதன் பிறகு, நிர்ப்பந்த நிலையில் மருந்தாக எடுக்கச் சலுகை உண்டு என்று ஹஜ்ரத் விளக்கினார். ஒவ்வொருவர் நிலையும் வேறு. ஆகவே மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவெடுங்கள். தானாக நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

பையனுக்கு வைட்டமின் ஏ குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தது. மருத்துவம் தொடங்கிச் சில வாரங்களில் இருட்டில் நடக்கும் தைரியம் வந்துவிட்டது. கண்ணாடி தேவைப்படவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் வலி அடிக்கடி வந்தால், வாயுக்கோளாறு என்று சோடா குடித்துக் காலம் கடத்தாதீர்கள். எண்ணெய் மிதக்கும் மலம், காரணமில்லாத மெலிவு, இள வயதில் சர்க்கரை, மாலையில் பார்வை மங்குதல் ஆகியவற்றைக் கண்டால் உடனே காட்டுங்கள். பக்கத்திலுள்ள ஜிப்மரில் குடல், கணைய நோய்களுக்கு மருத்துவம், அறுவை இரண்டுக்கும் தனித்தனித் துறைகள் இருக்கின்றன. பீடி, சிகரெட்டை விடுங்கள். அவையும் கணையத்தைக் கெடுக்கும். இந்நோய் உள்ளவர்கள் ரமலானுக்கு முன்பே நோன்பு பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவுக்கு வழியில்லை என்றால் எங்களிடம் வாருங்கள். உடன் வர ஆள் இல்லை என்றாலும் வாருங்கள். உங்கள் பெயரும் நோயும் எங்களைத் தாண்டி வெளியே போகாது. அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்: நோயாளி வீட்டுக்குப் போனால் நலம் விசாரியுங்கள், துஆ செய்யுங்கள், நோய் எப்படி வந்தது என்று துருவாதீர்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நிறைவான ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.